நாலு மாதத்துக்கு ஒரு வரி

நூற்று முப்பத்தாறு என்று கூடத்தில் உமாபதி பக்க எண்ணைச் சொன்னதும் அறைக்குள் வடிவு விரல் விட்டு எண்ணினாள். இன்னும் ஐந்து பக்கம். ஐந்தே பக்கம். மடியில் கிடக்கிற ஏழு மாதப் பிள்ளை பால் குடிக்கிறது, விடுகிறது, அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறது, பிறகு நினைவு வந்தாற்போல மறுபடி குடிக்கிறது. தூங்கிவிடாதேடி பூரணி, நீ தூங்கிவிட்டால் இந்த அறைக்குள் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை, வெளியே வந்து காபி கலக்கச் சொல்வார்கள், சீனிக்குப் பதில் உப்பைப் போடுவேன், அத்தை பார்ப்பாள், அத்தை பார்த்தால் போதும். கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. அந்த ஒரு சாணுக்குள் பாதிக் கூடம் தெரிகிறது. சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு மாமா, அவளுடைய மாமனார், கண் ஆபரேஷன் ஆகி இன்னும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எதிரே பெஞ்சில் சௌந்தரம் அத்தை, மாமாவின் தங்கை, அவள் மடியிலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற அச்சாபீஸ் புரூஃப் தாள். உமாபதி, வடிவின் புருஷன், கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. அவன் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து வாசிக்க, அத்தை அச்சான தாளில் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டே பின்னால் வருகிறாள். இந்த வீட்டில் புரூஃப் பார்ப்பது என்றால் இப்படித்தான், கமா புள்ளியெல்லாம் வாயால் சொல்லி. கடை திறந்திருந்தது கமா ஆனால் உள்ளே யாரும் இல்லை புள்ளி பாரா. கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு அடுக்களையில் முந்தியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். இப்போதும் சிரிப்பு மாதிரி ஒன்று வருகிறது, ஆனால் தொண்டைக்கு மேலே ஏறாமல் உள்ளேயே குதிக்கிறது. இன்னும் ஐந்து பக்கத்தில் உமாபதி ஒரு தாளைப் புரட்டுவான். அதிலிருந்து ஒன்பது பக்கம் மாமா சொன்னது இல்லை. அவள் எழுதியது. அவளே எழுதியது. அந்தக் கட்டுக்குள் அது இருப்பது அவளுக்கும், ஒருவேளை இந்தப் பிள்ளைக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எழுதும்போது இதுவும் மடியில்தானே கிடந்தது.

கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மறந்துதானே போனாள். அச்சாபீஸ் ஆள் திடீரென்று சைக்கிளில் வந்து நின்றான், பிள்ளைக்கு அன்றைக்கென்று வயிற்றுப்போக்கு, கல்லூரிக்குப் பாடம் நடத்தக் கிளம்பிய அவசரத்தில் உமாபதி வாசலில் நின்றபடியே 'நம்பர் போட்டுக் குடுத்துரு வடிவு' என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாவல் முடிகிறவரைக்கும் மாமா பக்கத்துக்கு எண் போட விடமாட்டார், எண் போட்டால் கதைக்குத் தன் நீளம் தெரிந்துபோகும், அப்புறம் ஓடாது என்பார். ஆகையால் முன்னூற்றுச் சொச்சம் தாளும் எண் இல்லாமல் கிடந்தது. இடது கையில் பிள்ளை, வலது கையில் பேனா, ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே வந்தாள். நூற்று நாற்பத்தொன்றில் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மறந்துபோன கை. ஆனால் மறந்துபோன கைதானா அதற்கு முந்தின பக்கத்தை வேறு தாளில் திருப்பி எழுதி, கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, தன்னுடைய ஒன்பது பக்கமும் உள்ளே போய் உட்கார இடம் பண்ணி வைத்தது? அது சும்மா. சும்மா பொருத்திப் பார்த்தது. கடையில் ஒரு சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மடித்து வைப்பதில்லையா, அந்த மாதிரி. மடித்து வைக்க மறந்துவிட்டாள். மறந்தாளா, மறந்த மாதிரி விட்டாளா? பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூளை நாக்கு போய்ப் போய்த் தொடுவதுபோல இந்த ஒரு மாதமாக அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தும் வெளியே வரமாட்டேன் என்கிறது. நூற்று முப்பத்தேழு என்றான் உமாபதி.

நூற்று முப்பத்தேழில் ஜவுளிக்கடை. மாமாவுக்குக் கடை என்றால் கொண்டாட்டம், கட்டுப் பிரிக்கிற சத்தத்துக்கே அரைப் பக்கம் சொல்வார். பெண் பார்க்க வந்த அன்றும் ஒரு ஜவுளிக்கடையைத்தான் சொன்னார். மற்ற வீட்டுக்காரர்கள் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள், இவர்கள் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்கள். 'நான் சொல்லுததை எழுதும்மா' என்று மாமா சொன்னதும், ஏதோ பத்திரம் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று பயந்துபோன வடிவின் அம்மா, 'அவ அப்பா வந்துரட்டும்' என்று பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். வடிவு எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் ஊரில் பள்ளிக்கூடமே அதுவரைக்கும்தான். ஆனால் கையெழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும், வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பெயர்களை அவளைக் கொண்டுதான் எழுத வைப்பார். மாமா சொன்னார், அவள் எழுதினாள், ஒரு தடவைகூட என்ன சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகனை வைத்து எழுதிப் பார்த்தார், அவன் பத்திரிகைகளுக்கு விமர்சனம் எழுதுகிறவன், ஒரு வாக்கியம் சொன்னால் 'இது போன நாவல்லயே வந்துட்டேப்பா' என்பான். தங்கையை வைத்துப் பார்த்தார், அத்தை சிறுகதைக்காரி, நாலு வாக்கியம் சொன்னால் ஒன்றாகச் சுருக்கி எழுதிவிட்டு 'இது போதும்ணே' என்பாள். வாய் திறக்காத ஒரு கை வேண்டியிருந்தது. பாளையங்கோட்டைக்கு மருமகளாக வந்தது. காலை ஒன்பது மணிக்கு மாமா சுவருக்குச் சுவர் நடக்க ஆரம்பிப்பார், பதினோரு எட்டு, திரும்புகிற இடத்தில் வாக்கியம் முடியும். அவள் தரையில் உட்கார்ந்து மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதுவாள். அவருடைய மூச்சு எங்கே நிற்கும், எந்தச் சொல்லைத் தேடி நாக்கைக் கொட்டுவார், எல்லாம் மூன்றரை வருஷத்தில் அவளுக்கு அத்துபடி. சொல்லப்போனால் அவர் திரும்புமுன் அவள் பேனா திரும்பியிருக்கும்.

பதினொரு நாவல். இது பன்னிரண்டாவது. அவருடைய அப்பா பெரிய வித்வான், சுவரில் உருமால் கட்டின தலையோடு படமாக இருக்கிறார், நெல்லையப்பர் பேரில் அந்தாதி பாடியவர். இருபத்திரண்டு வயதில் மகன் முதல் நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது புரட்டிப் பார்த்துவிட்டு 'இதுல எதுகை எங்கல இருக்கு?' என்று கேட்டாராம். ஆனாலும் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தாராம். நல்ல திருத்தம்தான், ஆனால் அச்சுக்குப் போகுமுன் அதை எடுத்துவிட்டேன் என்று மாமா பேட்டி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், வருகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள், வடிவு காபி கொண்டு வைப்பாள். இந்த வீட்டில் சொத்துக்குச் சண்டை வந்து அவள் பார்த்ததில்லை. வாக்கியத்துக்கு வரும். நனைந்த செய்தித்தாள் மாதிரி ஒரு முகம் என்று மாமா ஒரு நாவலில் எழுதிவிட்டார், அது தான் சாப்பிடும்போது சொன்னது என்று அத்தை இரண்டு வருஷம் இந்தப் படி ஏறவில்லை. பொங்கலுக்குக்கூட வரவில்லை. அப்பேர்ப்பட்ட வீட்டில், அப்பேர்ப்பட்டவர்கள் நடுவில், அட கடவுளே, ஒன்பது பக்கம். கன்னமெல்லாம் சுடுகிறது. பிள்ளை அவள் நெஞ்சு அடிக்கிறதைக் காதால் கேட்கிறதோ என்னவோ, குடிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே கிடக்கிறது. நூற்று முப்பத்தெட்டு. அத்தை 'இரு இரு, இங்க ஒரு எழுத்து தலைகீழா நிக்கி' என்கிறாள். நில்லுங்கள், நன்றாக நில்லுங்கள், அந்த எழுத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுங்கள். இல்லை, சீக்கிரம் போங்கள், ஓடுங்கள், என்னால் முடியவில்லை.

எல்லாம் அந்த ஒரு வரியால் வந்தது. மாமாவின் நாவல்களில் ஆண்கள் கடை திறப்பார்கள், கட்சிக்குப் போவார்கள், அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துவார்கள், பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பார்த்துப் பத்துப் பக்கம் யோசிப்பார்கள். பெண் வந்தால் அவள் சமைத்தாள் என்பார். சமைத்தாள், புள்ளி, திரும்பி நடந்துவிடுவார். என்ன சமைத்தாள்? உளுந்தங்களியா, சொதியா? ஒரு நாள் அவளுக்குப் பொறுக்காமல் கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைத்தாள் என்று எழுதிவிட்டாள். மாலையில் வாசித்துக் காட்டியபோது மாமா தலையை ஆட்டினார், 'துவையல் நல்லா விழுந்திருக்கு' என்றார். தான் சொன்னதாகவே நினைத்துக்கொண்டார். அன்றைக்கு ராமுழுக்க அவள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தாள், உமாபதி பல்வலியா என்று கேட்டான். அப்புறம் பூரணியை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் இல்லாமல் நாவல் நாலு மாதம் நின்றுபோயிற்று. கைக்குழந்தையோடு திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாமா நடக்கத் தொடங்கினார். 'எழுதும்மா' என்றார். 'பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனவள் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.' திரும்பினார். அடுத்த எட்டில் கடை வந்துவிட்டது. அவள் கை எழுதிவிட்டது. கை எழுதுகிறது, கால் கட்டைவிரல் தொட்டில் கயிற்றை ஆட்டுகிறது, தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறது, நாலு மாதம் ஒரு வரியில் முடிந்தது. அவளுடைய நாலு மாதம். அவளைப் பார்த்துத்தான் அந்த வரி அவருக்குத் தோன்றியிருக்கும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அவளைப் பார்த்து, அவளிடமே சொல்லி, அவள் கையாலேயே எழுத வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, நல்ல மனுஷர், பிள்ளைக்கு வசம்பு வளையல்கூட அவர்தான் வாங்கி வந்தார். அதுதான் இன்னும் சங்கடம்.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள். அத்தை அங்கேயே இருந்தாள், உமாபதி சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுவந்தான். காலை ஒன்பது மணிக்கு வீட்டில் யாரும் நடக்கவில்லை. கை சும்மா இருக்கத் தெரியாமல் நமநமவென்றது. பலகையை எடுத்தாள். யாரும் சொல்லாமல் தாளைப் பார்ப்பது எப்படி இருந்தது என்றால், மாடிப்படியில் இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைக்கும்போது தரை வந்துவிடுமே, அப்படித் தூக்கிப் போட்டது. அப்புறம் ஒரு பஸ் வந்தது. மாமாவின் நாவலில் வருகிற அந்த ஜவுளிக்கடைக்காரர் மனைவி, பெயர்கூட மாமா வைக்கவில்லை, வடிவு வேலம்மாள் என்று வைத்தாள், வேலம்மாள் பிள்ளையோடு பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லாததெல்லாம் அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டது. முக்கியமாக அது. அந்தப் பயம். அம்மா வீட்டிலிருந்து வரும்போது அவளுக்கு வந்த பயம், குடையை மறந்துவிட்டு இறங்குகிற மாதிரி பிள்ளையை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடுவோமோ என்று. பிள்ளை மேல் ஆசை இல்லாமலா, உயிர்தானே, ஆனாலும் அந்தப் பயம் வந்தது, இறங்கி நாலு எட்டு நடந்து கை வீசும்போது ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பது போலவும் பஸ் போய்க்கொண்டிருப்பது போலவும். உமாபதியிடம் சொன்னதில்லை. பெற்ற தாயிடம் சொன்னதில்லை. இப்போது நூற்று நாற்பதை முடித்துவிட்டான், தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்கிறது, எழுந்து ஓடிப் போய்ப் பிடுங்கிவிடலாமா, பிள்ளைக்கு வலிப்பு என்று கத்தலாமா, சே, என்ன வாய் இது. நூற்று நாற்பத்தொன்று.

'பஸ் கிளம்பியபோது வேலம்மாளுக்கு மடியின் கனம் தெரியவில்லை புள்ளி'. உமாபதியின் குரல். கல்லூரிக் குரல், எதையும் நம்பாத குரல், அந்தக் குரலில் அவளுடைய வரி. வடிவு பிள்ளையின் தலைமயிருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். 'கண்டக்டர் சில்லறை கேட்டான் கமா அவள் பிள்ளையை நீட்டப் போனாள் புள்ளி'. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை. அத்தை சிரித்துவிட்டாள்! வடிவுக்குக் காது அடைத்துக்கொண்டது, திறந்தபோது இரண்டு வாக்கியம் போயிருந்தது. 'முன் சீட்டில் வேறொருத்தியின் பிள்ளை அழுதது கமா இவளுக்குப் பால் இறங்கியது புள்ளி அதற்கு யார் பிள்ளை என்ற கணக்கு இல்லை புள்ளி'. வாசிக்கிறவன் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. கேட்கிறவளுக்கோ, இதென்ன கூத்து, மார்பு கல்லாகி ரவிக்கை நனைகிறது, எழுதினதைக் கேட்டே இறங்குகிறது, பிள்ளை மறுபடி பிடித்துக்கொண்டது. அடுத்த பக்கத்தில் உமாபதி கமா சொல்ல மறந்தான். அதற்கடுத்து புள்ளியும் சொல்லவில்லை. அத்தை 'கமா எங்கல' என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை, அவள் பென்சில் தாளில் ஒரே இடத்தில் நிற்கிறது, தாள் பாட்டுக்குத் தரையில் கிடக்கிறது. மாமா நாற்காலியில் முன்னால் குனிந்திருக்கிறார். வெறும் கதை போகிறது. கூடத்துக்குள் அவளுடைய பஸ் போகிறது, வேகத்தடையில் ஏறி இறங்குகிறது, மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த மூன்று பேர்! வடிவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பிள்ளையைத் தூக்கி மேலே எறிந்து பிடிக்க வேண்டும் போலிருந்தது. குடை வந்தது, பயம் வந்தது, திரும்பிப் பார்த்தது வந்தது. நூற்று நாற்பத்தொன்பது முடிந்தது. உமாபதி வாசிப்பதை நிறுத்தினான்.

முதலில் வாய் திறந்தது அத்தை. 'அண்ணே, இதை எங்க இருந்து எடுத்தே?' 'எங்க இருந்து எடுக்க? சொன்னேன்' என்றார் மாமா. 'எப்ப சொன்னே?' 'மாசியில காய்ச்சலா கெடந்தேன்லா, அப்ப சொல்லியிருப்பேன். காய்ச்சல்ல எனக்கு நல்லா வரும்.' 'வரும் வரும். பால் எறங்குததும் காய்ச்சல்ல வந்துச்சாக்கும். இது நான் சொன்னது. சங்கரன்கோவில் பஸ்ஸுல எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தி சேலையெல்லாம் நனைஞ்சு வந்து எறங்கினான்னு இதே பெஞ்சில இருந்து நான் ஒனக்குச் சொன்னேன், எழுபத்தி ரெண்டுல. கதையா எழுதணும்னு வச்சிருந்தேன். தூக்கிட்டே.' உமாபதி நடுவில் புகுந்தான். 'ரெண்டு பேரும் சும்மா இருங்க. இதுக்கு வேரே நான் போட்டது. அந்த எடத்துல கதை தாவுது, கொஞ்சம் நின்னு சொல்லுங்கப்பான்னு ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னேன்லா?' 'ஏல, ஆஸ்பத்திரியில நீ சொன்னதை அதுக்கு முந்தி மாசிக் காய்ச்சல்ல எப்பிடில எழுதினாரு?' என்று அத்தை கேட்டாள். உள்ளே வடிவு தலையணையைக் கடித்துக்கொண்டாள். பங்கு போடுகிறார்கள், பலாப்பழத்தைச் சுற்றி உட்கார்ந்து சுளை எடுக்கிற மாதிரி, ஆளுக்கு ஒரு பங்கு, எல்லாம் அவள் கையெழுத்து, எழுத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, முன்னூறு பக்கமும் அதே மணிமணி எழுத்து. அப்போது மாமா மெதுவாகச் சொன்னார். 'சண்டை போடாதிய. அம்பது வருஷமா எழுதுதேன். பிள்ளையை விட்டுட்டு எறங்கிருவோமோன்னு பயப்படுதாளே ஒரு தாய், அது எனக்கு வந்துச்சேன்னு இருக்கு.' கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவர் கன்னத்தைத் துடைத்தார். சிரிப்பு வடிவுக்குப் பட்டென்று அணைந்தது. 'இதுக்கு எதுக்கு வாதம், அவளைக் கேட்டாப் போச்சு' என்றாள் அத்தை. 'ஏட்டி வடிவு! இங்க வா.'

ரவிக்கை நனைந்திருக்கிறது, முந்தியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், பிள்ளையை இடுப்பில் வைத்தாள், ஒரு சாண் கதவை முழுசாகத் திறந்தாள். இந்தக் கூடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாளே தவிர நடுவில் நின்றதில்லை. 'இந்த ஒம்பது பக்கத்தையும் யாரு சொல்ல நீ எழுதினே?' என்று அத்தை கேட்டாள். மாமா சொன்னாங்க என்று சொன்னால் போதும். இரண்டு சொல். சொல்லிவிட்டால் அந்த பஸ் ஓடும், ஆயிரம் புத்தகத்தில் ஓடும், அவள் போகாத ஊர் லைப்ரரியிலெல்லாம் யாராவது ஒருத்தி எடுத்துப் படித்து, அட எனக்கும் இந்தப் பயம் இருந்ததே என்பாள், அட்டையில் மாமா பெயர் இருக்கும், இருந்தால் என்ன, மாமாவும் சந்தோஷமாக இருப்பார், கன்னத்தைத் துடைத்தாரே. இல்லை என்று சொன்னால் அத்தையின் கையில் சிவப்புப் பென்சில் தயாராக இருக்கிறது. அது ஓடினால் போயிற்று, ஒன்பது பக்கமும் இல்லாததாகிவிடும். சொல்லிவிடு, மாமா என்று சொல்லிவிடு. ஆனால் வேலம்மாள் என்று பெயர் வைத்தது நான்தானே. அதை எப்படி இன்னொருவருக்குக் கொடுப்பது, பிள்ளையை சீட்டில் வைத்துவிட்டு இறங்குகிற மாதிரி. 'யாரும் சொல்லலை' என்றாள். குரல் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வந்துவிட்டது. 'நானாத்தான் எழுதினேன் மாமா. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது.' மறந்துட்டேன் என்று சொல்லத்தான் ஒரு மாதமாகப் பாடம் பண்ணியிருந்தாள். வாயில் வேறு வந்தது. 'வேணும்னுதான் உள்ள வச்சேன்.'

உமாபதி சிரித்தான். 'வெளையாடாத வடிவு.' அப்புறம் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவள் மூன்றரை வருஷமாக அந்த வீட்டில் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தவன் மாதிரி. அத்தை சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே எட்டிப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, 'அந்தப் பயம் ஒனக்கா இருந்துச்சு?' என்று மட்டும் கேட்டாள். 'இப்பவும் இருக்கு அத்தை.' மாமா எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தார், பதினோரு எட்டு, திரும்பினார், இன்னொரு பதினொன்று. 'அடிச்சிரு' என்றார். 'சவுந்தரம், ஒம்பது பக்கத்தையும் அடிச்சிரு.' உமாபதி பதறிப்போனான். 'கம்போஸ் பண்ணி முடிச்சுட்டான்பா. நல்லாத்தானே இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளைதானே எழுதியிருக்கு, வெளிய யாருக்குத் தெரியப் போவுது?' 'எனக்குத் தெரியும்லா' என்றார் மாமா. 'எம் பேருல என் எழுத்துதான் போவும்.' வடிவு தனக்குள் தேடிப் பார்த்தாள், அழுகை வர வேண்டுமே என்று. வரவில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று உமாபதி சொன்னதுதான் சுருக்கென்று குத்தியது. அடிச்சிரு என்றது குத்தவில்லை. அது ஏதோ எழுந்து நின்று வழி விடுகிற மாதிரி இருந்தது. அடுத்தவர் எழுத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார், அப்படியானால் அது எழுத்து, அப்படியானால் அவள் அடுத்தவர். ஐயோ, மாமா, என்னை அடுத்தவர் என்று சொல்லிவிட்டீர்களே! முகமெல்லாம் விரிந்துவிட்டது, அடக்க முடியவில்லை, மாமாவுக்குக் கண் தெரியாதது நல்லதாகப் போயிற்று, அத்தை பார்த்துவிட்டாள். சிவப்புப் பென்சில் புரூஃப் தாளில் சர் சர்ரென்று இறங்கியது. 'கையெழுத்துத் தாளை அவகிட்ட குடுத்துரு' என்று அத்தையே சொன்னாள். உமாபதி ஒன்பதையும் எண்ணிப் பிரித்து நீட்டினான்.

'சரி, அந்த எடத்துல முன்ன என்ன இருந்துச்சு?' என்று மாமா கேட்டார். வடிவு சொன்னாள், பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனவள் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். 'இம்புட்டுத்தானா?' என்றாள் அத்தை. மாமா அதைத் தனக்குள் இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்தார், வாயில் கல் கடித்தவர் மாதிரி நின்றார். 'நிக்காது' என்றார். 'இப்ப இது நிக்காது. நாலு பக்கமாவது வேணும். பலகையை எடும்மா, சொல்லுதேன்.' மூன்றரை வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டதும் முழங்கால் தானாக மடியும். அன்றைக்கும் லேசாக மடிந்தது. பிறகு நிமிர்ந்தது. 'இன்னைக்கு முடியாது மாமா' என்றாள் வடிவு. 'எனக்கு எழுத வேண்டியது இருக்கு.' 'அப்பிடிப் போடு' என்று அத்தை பெஞ்சில் ஓங்கி ஓர் அடி அடித்தாள், 'அண்ணே, வா, நான் எழுதுதேன்.' 'ஒன் எழுத்தை எவன் படிப்பான்? நாலை ஒண்ணாக்கிருவே' என்று மாமா சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது, கோபமா, வேறு எதுவுமா என்று தெரியாத குரல். வடிவு அறைக்குள் வந்து பிள்ளையை மடியில் போட்டாள், ஒன்பது பக்கத்தையும் பக்கத்தில் வைத்தாள், புதுத் தாளைப் பலகையில் வைத்தாள். ஒன்பதாவது பக்கத்தின் கடைசியில் பஸ் ஊருக்குள் நுழைகிறது. வேலம்மாள் இறங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மாமாவின் அடுத்த பக்கத்தில் அவருடைய ஜவுளிக்கடைக்காரர் கடையைத் திறந்துகொண்டு காத்திருந்தார், அதில் கொண்டுபோய் ஒட்டுவதற்காக அவளை அந்த ஸ்டாப்பிங்கில் இறக்கி விட்டிருந்தாள். இப்போது அடுத்த பக்கம் என்று ஒன்று இல்லை. வடிவு அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்தாள். இறங்கப் போனவள் திரும்ப உட்கார்ந்தாள். ஸ்டாப்பிங் பின்னால் போய்விட்டது, கடைகள் போய்விட்டன, பாலம் வந்துவிட்டது, காற்று அப்படி அடிக்கிறது, வேலம்மாள் பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். கண்டக்டர் திரும்பி வந்து, எங்கம்மா போகணும் என்று கேட்கிறான். வேலம்மாள் வாயைத் திறக்கிறாள். என்ன சொல்லப் போகிறாள் என்று வடிவுக்கும் தெரியவில்லை.